இருபத்திரண்டாவது பொட்டலம்

பொட்டலத்தைப் பிரித்த சாலோமி டீச்சர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டி இன்னொரு தடவை பார்த்தாள்.

தினக்காலண்டர் தாளில் மடித்த சின்னப் பொட்டலம். உள்ளே இருக்க வேண்டியது ஒரே ஒரு பச்சை மாத்திரை, அவளுடைய சுகர் மாத்திரை. இருந்ததோ நாலு வெள்ளைத் துண்டு.

"பீவி, கொஞ்சம் இங்கன வா. ஓடி வராத, பைய வா."

அங்கன்வாடி உதவியாளர் ஜுபைதா பீவி அடுப்பைத் தணித்துவிட்டு வந்தாள். "என்ன டீச்சர், இட்லி புளிச்சுட்டா?"

"இட்லிய விடு. இது என்னது?"

"பூச்சி மாத்திரை. நான்தானே காலையில தட்டி உடைச்சேன்."

"அப்ப என் மாத்திரை எங்க?"

ஜுபைதா பீவி தாளைப் பார்த்தாள். மூடி திறந்த டிபன் பாக்ஸைப் பார்த்தாள். கூடத்தில் இருபது பிள்ளைகள் போட்ட கூச்சலைத் திரும்பிப் பார்த்தாள். "யா அல்லாஹ்!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

சீவலப்பேரி டவுன் பஸ் போகிற வழியில், நெல்வயல்களை ஒட்டி இருக்கும் அந்த அங்கன்வாடியில் அன்றைக்குப் பூச்சி மாத்திரை கொடுக்கிற நாள். சாலோமி டீச்சர் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் அல்ல. மூன்று வாரமாகவே ஒவ்வொரு பிள்ளையின் கீழ் இமையையும் இழுத்து, உள்ளே சிவப்பா வெளுப்பா என்று பார்த்தாள். தூக்கத்தில் பல்லைக் கடிப்பது யார், ராத்திரி குண்டியைச் சொறிவது யார், சுவர்ச் சுண்ணாம்பைச் சுரண்டித் தின்பது யார் என்று தாய்மாரைப் பிடித்து விசாரித்து நோட்டில் எழுதினாள். அந்த நோட்டை வாங்கிப் பார்த்த கிராம நர்சு டார்லின், "நல்லா இருக்கு டீச்சர். ஆனா எல்லாப் பிள்ளைக்கும்தான் மாத்திரை" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டாள். டீச்சருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

மாத்திரை பெரிசு, பிள்ளைகளின் வாய் சிறிசு. அதனால் ஜுபைதா பீவி ஒவ்வொன்றையும் நாலாக உடைத்து, ஒரு மாத்திரைக்கு ஒரு பொட்டலமாகக் காலண்டர் தாளில் மடித்தாள். பிள்ளைகளுக்கு இருபது, டீச்சர் தின்று காட்ட ஒன்று. ஆக இருபத்தொன்று.

இருபத்திரண்டாவது பொட்டலம்தான் வில்லங்கம். சீக்கிரம் போக வேண்டும் என்று டீச்சர் காலையில் சாப்பிடாமல் கிளம்பிவிட, அவள் வீட்டுக்காரர் அப்பாத்துரை சுகர் மாத்திரையை மடித்து டிபன் பாக்ஸோடு கொடுத்தனுப்பியிருந்தார். அவரும் காலண்டர் தாளைத்தான் கிழித்திருந்தார். திருநெல்வேலிப் பக்கம் மாத்திரை மடிக்கவென்றே தினக்காலண்டர் அச்சடிக்கிறார்களோ என்னவோ! மறந்துவிடக் கூடாதே, கண்ணெதிரே இருக்கட்டும் என்று டீச்சர் அதையும் அதே தட்டில் வைத்தாள்.

பத்து மணிக்குத் தட்டைக் கண்டதும் பிள்ளைகள் ஒப்பாரியைத் தொடங்கின. டீச்சர் அசரவில்லை. பிள்ளைகளைப் பார்த்தபடியே ஒரு பொட்டலத்தைப் பிரித்து, அண்ணாந்து, வாய்க்குள் கொட்டி, கண்ணை மூடிக் கடக் கடக்கென்று மென்றாள். "ஆகா, அல்வால்லா இது! தின்னவேலி அல்வா!" என்று சப்புக்கொட்டினாள். நாக்கு சொன்னது வேறு. அதை முகத்தில் காட்டாமல் இருக்க இருபத்தெட்டு வருஷ சர்வீஸ் கைகொடுத்தது. அல்வா என்றதும் பிள்ளைகள் அழுகையை நிறுத்தி வாயைத் திறந்தன. டீச்சர் தாடையைப் பிடிக்க, பீவி கொட்டக் கொட்ட, கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. இருபதுக்கு இருபது என்று பதிவேட்டில் எழுதினாள். தட்டில் மிஞ்சிய ஒரே பொட்டலம் தன்னுடையதுதான் என்று எடுத்து வந்து, இட்லிக்கு முன்னால் பிரித்தாள்.

உள்ளே நாலு துண்டு.

"அப்படின்னா டீச்சர்," என்று பீவி மெல்ல ஆரம்பித்தாள், "நம்ம பிள்ளைகள்ல ஏதோ ஒண்ணு..."

"சொல்லாத."

"உங்க சுகர் மாத்திரைய..."

"சொல்லாதன்னு சொல்லுதேன்லா!"

சொல்லாவிட்டால் இல்லையென்று ஆகிவிடுமா? டீச்சர் நர்சுக்குப் போன் போட்டாள். டார்லின் அடுத்த ஊர் அங்கன்வாடியில் இருந்தாள். பின்னால் அங்கேயும் ஒரே அழுகைச் சத்தம்.

"ஏம்மா டார்லின், ஒரு சந்தேகம். சின்னப் பிள்ளை ஒண்ணு தெரியாம சுகர் மாத்திரையத் தின்னுட்டா என்ன ஆகும்?"

"ஐயையோ! பெரியவங்களுக்கே சாப்பிடாம இருந்தா தலையச் சுத்தும். சின்னப் பிள்ளைக்கு ஒண்ணே ஒண்ணு போதும், சர்க்கரை இறங்கி நினைவு தப்பிரும். ஏன், எந்தப் பிள்ளை தின்னுச்சு?"

"ஒரு பிள்ளையும் இல்லம்மா. டிவியில காட்டுனான்."

"உடனே இனிப்பு குடுக்கணும் டீச்சர். தூங்க விடக் கூடாது. முக்கியமா, தாமதிக்காம ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்."

"டிவியில அதையும் சொன்னான்" என்று டீச்சர் போனை வைத்தாள். கை நடுங்கியது.

முதல் இரண்டையும் உடனே செய்துவிடலாம். மூன்றாவதைச் செய்ய, தின்ற பிள்ளை எது என்று தெரிய வேண்டும். தெரியாமல் இருபது பிள்ளைகளையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் ஊரே திரண்டுவிடும். இன்னும் இரண்டு வருஷம் மிச்சமிருக்கிற வேலை இன்றைக்கே முடிந்துவிடும். முதலில் பிள்ளையைக் கண்டுபிடிப்போம் என்று டீச்சர் மனசைத் தேற்றிக்கொண்டாள். அது பயத்தின் யோசனை என்பது அவளுக்கே தெரிந்துதான் இருந்தது.

"நீங்க மொதல்ல ரெண்டு இட்லியத் தின்னுங்க டீச்சர். முகமே சரியில்ல" என்றாள் பீவி.

"மாத்திரை போடாம எப்படிப்பா திங்க? சுகர் ஏறிரும். டாக்டர் வைவாரு." டிபன் பாக்ஸை மூடிவிட்டுக் கூடத்துக்குப் போனாள்.

"கண்ணுகளா, எல்லாரும் டீச்சரைப் பாருங்க. பச்சை மாத்திரை தின்னது யாரு?"

இருபது கையும் மேலே போனது.

"சரி. பச்சை மாத்திரை திங்காதது யாரு?"

அதே இருபது கை. ஒருவன் இரண்டு கையையும் தூக்கினான்.

நாலு வயசு பெர்லின் மட்டும் கையைத் தூக்கியபடியே தேம்பினாள். "எனக்குத் தரலை! எனக்குத் தரவே இல்லை!"

"உனக்கு மாத்திரையே தரலையாட்டி?" டீச்சர் பதறிப்போய்ப் பீவியைப் பார்த்தாள்.

"அல்லா மேல ஆணையா நான்தான் அவ வாயில கொட்டுனேன். இவ அழுததால உத்துப் பாத்தேன், வெள்ளைத்துண்டுதான். மத்ததை அவசரத்துல கவனிக்கல. இவ காலையிலேர்ந்தே இப்படித்தான் எதையோ கேட்டு அழுதுகிட்டு இருக்கா."

"அப்பாடா. பெர்லின் திங்கலை. இன்னும் பத்தொன்பது."

பத்தொன்பதையும் வரிசையாக உட்காரவைத்து டீச்சர் சோதனை போட்டாள். மூன்று வயசு பெனோவின் இமையை இழுத்ததும், "பீவி, இவன் வெளுத்துட்டான்!" என்று அலறினாள்.

"அவன் போன மாசமே வெளுப்புதான். உங்க நோட்டுல முதல் பேரே அவன்தான்."

"இந்தா, இது பல்லைக் கடிக்குது!"

"அதுவும் நோட்டுல இருக்கு."

பூச்சியைப் பிடிக்க மூன்று வாரமாக எழுதிய அறிகுறிகள் எல்லாம் இப்போது மயக்கத்தின் அறிகுறிகளாக அவளைப் பயமுறுத்தின. நெற்றியில் வழிந்த வேர்வையை முந்தானையால் துடைத்தாள். "ஓடு பீவி. கடையில ரெண்டு கிலோ கருப்பட்டி வாங்கிட்டு வா."

கருப்பட்டி வந்தது. உடைத்து உடைத்து ஊட்டினாள். மாத்திரைக்கு வாயை மூடின பிள்ளைகள் கருப்பட்டிக்குக் குருவிக் குஞ்சுகளாய் வாயைத் திறந்தன. பெர்லின் மட்டும் ஒரு கன்னத்தில் கருப்பட்டியை ஒதுக்கிக்கொண்டு, "எனக்குத் தரலை" என்று அழுதாள். இன்னொரு துண்டு கொடுத்தார்கள். இரண்டு கன்னத்திலும் ஒதுக்கிக்கொண்டு அழுதாள்.

சுகர்க்காரி இனிப்பைத் தொடலாமா? டீச்சர் விரலில் ஒட்டியிருந்ததைக்கூட நக்காமல் சேலையில் துடைத்துக்கொண்டாள். பசி குடலைப் பிடுங்கியது. என் வயிறு கிடக்கட்டும், பிள்ளைகள் பிழைக்கட்டும் கர்த்தாவே என்று வேண்டிக்கொண்டாள்.

வயிறு நிறையக் கருப்பட்டி தின்ற பிள்ளைக்கு என்ன வரும்? தூக்கம் வந்தது. முதலில் நாசர் சரிந்தான்.

"நாசரு! லே நாசரு! கண்ணைத் திற ராசா!" டீச்சர் அவனைத் தூக்கி உலுக்கினாள்.

"தூங்குதான் டீச்சர். தினமும் இந்த நேரத்துக்குத் தூங்குத பிள்ளைதானே!"

"இன்னைக்குத் தூங்கக் கூடாது. ஒருத்தரும் தூங்கக் கூடாது. எல்லாரும் எந்திரிங்க, ஆடுங்க!"

தாம்பாளத்தில் கரண்டியால் தட்டி டீச்சர் தாளம் போட்டாள். இருபது பிள்ளைகள் கூடத்தைச் சுற்றி ஆடின. ஆடிக்கொண்டே நாசர் தூங்கினான். இரண்டு கிலோ கருப்பட்டியும் சேர்ந்து குலுங்கியதில், நாலாவது சுற்றில் பெனோ பாயில் வாந்தி எடுத்தான்.

அந்த நேரம் பார்த்துத்தானா களையெடுப்பு முடிந்து பேச்சித்தாய் அந்த வழியே வர வேண்டும்? பெனோவின் பக்கத்து வீட்டுக்காரி. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். ஒரு பிள்ளை வாந்தி எடுக்கிறது. இன்னொன்று கண் சொருகி ஆடுகிறது. சாலோமி டீச்சர் தலைமயிர் கலைந்து, வேர்த்து விறுவிறுத்து, தாம்பாளத்தை அடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"டீச்சர், பிள்ளைகளுக்கு என்ன செய்யுது?"

"ஒண்ணும் செய்யலை. தூங்காம இருந்தா ஒண்ணும் செய்யாது!"

டீச்சர் சொன்னது ஆறுதலுக்குத்தான். அதைக் கேட்டுக்கொண்டு பேச்சித்தாய் போட்ட கூப்பாட்டில், 'பூச்சி மாத்திரை தின்ற பிள்ளைகள் தூங்கினால் எழுந்திருக்காதாம்' என்கிற சேதி பஸ் நிறுத்தத்தைத் தாண்டி வயலுக்குப் போய், பத்து நிமிஷத்தில் பதினைந்து தாய்மாரோடு திரும்பி வந்தது. சேறு காயாத காலோடு எல்லோரும் வாசலில் நின்றார்கள்.

"கதவைத் திறங்க டீச்சர்!"

"பிள்ளைகளுக்கு என்னத்தக் குடுத்தீய?"

பீவி கதவைத் திறக்க, முதலில் நுழைந்த பேச்சித்தாய் தரையில் கிடந்த துண்டை எடுத்து முகர்ந்தாள். "கருப்பட்டி! ஏளா, இதைப் பாருங்க! இனிப்பு தின்னாத்தான் பூச்சி வைக்கும். பூச்சிக்கு மருந்தையும் குடுத்துட்டு, அதுக்குக் கருப்பட்டி விருந்தும் வைக்காவளே!"

"இனிப்பால பூச்சி வராதும்மா. கை கழுவாம தின்னாத்தான்..." என்று டீச்சர் வழக்கமான பாடத்தைத் தொடங்கினாள். பாதியில் நாக்கு குழறியது. கண் முன்னால் தாய்மார் இரண்டிரண்டாகத் தெரிந்தார்கள். பதினைந்து பேரே தாங்காது. முப்பது பேரை எப்படிச் சமாளிப்பது?

பெனோவின் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்து பிள்ளையை வாரி எடுத்தாள். சேற்றுக் கையால் அவன் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, டீச்சரை நிமிர்ந்து பார்த்தாள். "உங்கள நம்பித்தானே டீச்சர் விட்டுட்டுப் போறோம்" என்றாள்.

அந்த ஒரு சொல்லை டீச்சரால் தாங்க முடியவில்லை. தாம்பாளம் கையிலிருந்து விழுந்தது.

"என் மாத்திரைம்மா" என்றாள். "என் சுகர் மாத்திரை இதோட கலந்துபோச்சு. உங்க பிள்ளைகள்ல ஒண்ணு அதைத் தின்னுருக்கு. எதுன்னு தெரியலை. ஒரு மணி நேரமா மறைச்சு வச்சிருந்தேன். நான் செஞ்சது பெரிய தப்பு. என் வேலை போனாப் போகட்டும், நூத்தி எட்டுக்குப் போன் போடுங்க. எல்லாப் பிள்ளையையும் கொண்டு போவோம்."

வாசலில் எழுந்த சத்தத்தில் கூரை மோட்டில் இருந்த புறாக்கள் பறந்தன. திட்டியவர்கள் திட்டினார்கள், அழுதவர்கள் அழுதார்கள். பீவி போனை எடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள்.

அதற்குள் ஸ்கூட்டரில் டார்லின் வந்துவிட்டாள். போனில் டீச்சரின் குரல் சரியில்லை என்று அப்போதே அவளுக்குச் சந்தேகம். இந்த டீச்சருக்குப் பகலில் டிவி பார்க்க ஏது நேரம்? கூட்டத்தில் புகுந்தவள் பையிலிருந்து சர்க்கரை பார்க்கும் மெஷினை எடுத்தாள்.

"வண்டி வர கால் மணி நேரம் ஆகும். அதுக்குள்ள ஒவ்வொரு பிள்ளையா விரலை நீட்டுங்க. யாரும் அழக் கூடாது."

எல்லோரும் அழுதார்கள். ஊசி குத்தின பிள்ளை அழுதது, குத்தப்போகிற பிள்ளை அழுதது, பார்த்துக்கொண்டிருந்த தாயும் அழுதாள். டார்லின் ஒவ்வொரு எண்ணாகச் சத்தம் போட்டுச் சொன்னாள்.

"நாசர், நூத்தி இருபது. நல்லாருக்கான். தூங்கட்டும், விடுங்க."

"பெனோ, நூத்திப் பத்து."

சாலோமி டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு ஸ்தோத்திரம் சொன்னாள். பத்து ஆனது. பதினைந்து ஆனது. மிஞ்சியிருக்கும் பிள்ளைகளில் ஒன்றுதான் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. பதினெட்டு, பத்தொன்பது. கடைசியாக, சந்தேகமே இல்லை என்று ஒதுக்கிவைத்த பெர்லின்.

"நூத்தி முப்பத்தஞ்சு!" என்றாள் டார்லின். "கருப்பட்டி ஜாஸ்தி. மத்தபடி ஒரு குறையும் இல்லை. இருபது பிள்ளையும் நல்லாருக்கு. சுகர் மாத்திரை தின்ன பிள்ளை இப்படி இருக்கவே இருக்காது. மாத்திரை எங்கனயாவது கீழ விழுந்து கிடக்கும், தேடுங்க. இருந்தாலும் வண்டி வரட்டும், டாக்டர் ஒரு தடவை பாத்துரட்டும்."

பெனோவின் அம்மா மகனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விம்மினாள். பேச்சித்தாய்கூடத் தரையில் குனிந்து, பாயைத் தூக்கிப் பச்சை மாத்திரையைத் தேடினாள். உதறினார்கள், கூட்டினார்கள். எங்கேயும் இல்லை.

சாலோமி டீச்சர் சுவரோடு வழுக்கித் தரையில் உட்கார்ந்தாள். ரவிக்கை முழுக்க நனைந்திருந்தது. "ஸ்தோத்திரம் இயேசப்பா" என்று சொல்ல வாயெடுத்தாள். பாதிதான் வந்தது.

டார்லின் மெஷினைப் பைக்குள் போடப் போனவள், அவளைப் பார்த்துவிட்டுக் கையை நிறுத்தினாள். "பிள்ளைகதான் நல்லாருக்கே டீச்சர். இன்னும் எதுக்கு இப்படி நடுங்குதீய? ஏன் இப்படி வேர்க்குது?"

"பயம்தாம்மா. வேற என்ன... காலையிலேர்ந்து ஒண்ணும் திங்கலை. மாத்திரை போடாம எப்படித் திங்க?"

குத்துப்பட்ட விரலை வாயில் வைத்துக்கொண்டு பெர்லின் மறுபடியும் தேம்பத் தொடங்கினாள். டார்லின் அவளை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"உனக்கு என்னதான்ட்டி வேணும்? காலையிலேர்ந்து தரலை தரலைங்கியாமே, என்னத்தத் தரலை?"

பெர்லின் விரலை வாயிலிருந்து எடுத்து, சுவரோரம் கிடந்த டீச்சரை நேராகக் காட்டினாள்.

"எல்லாருக்கும் வெள்ளைய குடுத்துட்டு, டீச்சர் மட்டும் அல்வா அல்வான்னு பச்சையத் தின்னாவ!"